எப்போதாவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, டி.வி.யில் 'வாரணம் ஆயிரம்' ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. சேனல்காரர்களுக்கு வேறு எதுவும் அகப்படாவிட்டால் இது இருக்கிறது. எனக்கும் ரிமோட்டை எடுக்க மனசு வராது. சூர்யா தாடியும் கலங்கிய கண்ணுமாகக் கிடந்த கட்டத்தில் போன் அடித்தது.

"அண்ணா, தூங்கிட்டியா?"

சித்தி பெண். இருபது வருஷத்துக்கு மேலாக டல்லாஸில் இருக்கிறாள். அங்கே காலை நேரம். குரல் கம்மியிருந்தது.

"பையன் மிலிட்டரில சேரப் போறானாம்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க. அதுலதான் பிரச்னை."

பையனுக்கு 21 வயசு. அங்கேயே பிறந்தவன். பள்ளியில் ஃபுட்பால் ஆடி முழங்கால் போய், ஆபரேஷன் ஆனது எனக்குத் தெரியும். வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் நிற்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சீட்டில் இருந்தது தீர்ந்ததும், சிநேகிதன் வீட்டு அலமாரியில் இருந்தது. பிறகு காசு கொடுத்து. அம்மா ஒருநாள் துவைக்கப் போட்ட ஜீன்ஸில் எட்டு மாத்திரைகளைக் கண்டுபிடித்தாள். சிகிச்சை, கவுன்சலிங், ஒரு தடவை சறுக்கல், மறுபடி சிகிச்சை. இப்போது இரண்டரை வருஷமாகத் தொடவில்லை. "எங்க யார்கிட்டயும் சொல்லலைண்ணா. அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

அந்த ஃபாரத்தில் கேள்விகள் எல்லாம் 'எப்போதாவது' என்று ஆரம்பிக்கின்றனவாம். எப்போதாவது உங்களுக்கு ஆஸ்துமா உண்டா, எப்போதாவது மனநல மருத்துவரைப் பார்த்ததுண்டா, எப்போதாவது மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்தியதுண்டா. கூடப் படித்த பையன்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்களாம், 'எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டுப் போடா'.

"நீ என்ன சொல்றே? எழுதணுமா, வேண்டாமா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். கோழைத்தனம்தான். டி.வி.யைப் பார்த்தால் சூர்யா கட்டுமஸ்தாக ஓடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ராணுவச் சீருடை. இத்தனை வருஷமாகக் கவனிக்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது. இந்த ஆள் மெடிக்கலில் என்ன சொன்னார்?

2008 நவம்பரில் வந்த படம். கௌதம் மேனன் தன் தந்தை காலமான துக்கத்தில் எடுத்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. காஷ்மீரில் ஹெலிகாப்டரில் போகும் ராணுவ மேஜருக்கு அப்பா இறந்த செய்தி வருகிறது. அங்கிருந்து கதை பின்னோக்கிப் போகிறது. காதலி மேக்னா அமெரிக்காவில் குண்டுவெடிப்பில் சாகிறாள். பையன் போதையில் விழுகிறான். பெற்றவர்கள் மீட்கிறார்கள். நடுவில் வடக்கே ஒரு சாகசம், உடற்பயிற்சி, சீருடை.

அதாவது படுக்கையில் கிடந்தவனுக்கும் மேஜருக்கும் நடுவில் உள்ள தூரம் ஒரு பாட்டும் சில வெட்டுகளும். சினிமாவில் அது குற்றமில்லை. எல்லாக் கதவையும் திறந்து காட்டினால் படம் விடியும்வரை ஓடும். ஆனால் இந்தப் படத்தில் தவறவிட்ட கதவு, படத்தின் உயிர்நிலையான கதவு என்பதுதான் என் புகார்.

ராணுவ அதிகாரியாகப் போகிறவர்களை எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியம் ஐந்து நாள் வைத்துப் பிழிந்தெடுக்கும். நம் பக்கத்துப் பையன்கள் பலர் பெங்களூர் போய்விட்டு வந்திருப்பார்கள். ஓட்டப் பந்தயமும் கயிறு ஏறுவதும்தான் தேர்வு என்று வெளியே ஒரு நினைப்பு. உண்மையில் பாதிப் பேரைக் கலங்கடிப்பது மனவியல் தேர்வுகள். அறுபது வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் பதினைந்தே விநாடியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். கடைசிப் படம் வெற்றுத் திரை, அதற்கும் கதை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு தாள் தருவார்கள். உன்னைப் பற்றி உன் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய், எழுது.

அப்பா பிள்ளை உறவை மட்டுமே நம்பி எடுத்த ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய காட்சி என்ன வேண்டும்? 'என்னைப் பற்றி என் அப்பா என்ன நினைக்கிறார்?' போதையில் தன்னைப் பார்த்த அப்பாவைப் பற்றி அந்தப் பிள்ளை பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்கும் ஒரு நிமிஷம். அதை எடுக்காமல் ஜிம்முக்குப் போய்விட்டார்கள். சீருடை, திருந்தினவனுக்குக் கொடுத்த பரிசுக் கோப்பை மாதிரி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதே சரக்கை அமெரிக்காக்காரர்கள் எப்படிப் பண்ணியிருக்கிறார்கள் என்று பார்க்க, அன்று ராத்திரியே 'செர்ரி'யை மறுபடி எடுத்தேன். 2018-ல் நிகோ வாக்கர் எழுதிய நாவல். ராணுவக் கொச்சையில் 'செர்ரி' என்றால் புதுசாக வந்தவன். வாக்கர் அமெரிக்க ராணுவத்தில் மெடிக்காக, அதாவது களத்தில் முதலுதவி செய்பவராக, ஈராக் போனவர். திரும்பி வந்து ஹெராயினில் விழுந்து, காசுக்காக நாலு மாதத்தில் பத்து வங்கிகளைக் கொள்ளையடித்து, 2011-ல் பிடிபட்டார். 11 வருஷத் தண்டனை. சிறையில் டைப்ரைட்டரில் அடித்தது இந்த நாவல். தன்னைப் போல ஒருவனைப் பேச வைத்து எழுதியிருக்கிறார்.

நம் படத்தைக் கண்ணாடியில் பார்த்தது மாதிரி இருக்கிறது இந்தக் கதை. இங்கே காதலியை இழந்து போதை, அப்புறம் ராணுவம். அங்கே காதலி விட்டுப் போகிறேன் என்றதும் ராணுவம், அப்புறம் போதை. நம்மவருக்கு ராணுவம் மருந்து. அவர்களுக்கு ராணுவமே நோய்.

அப்படித்தான் முதலில் தோன்றும். நாவலைக் கவனமாகப் படித்தால் வாக்கர் அவ்வளவு சுலபமாகத் தப்பிக்கவில்லை என்பது தெரியும். கதை சொல்லும் பையனுக்கு ராணுவத்துக்கு முன்பே, கல்லூரிக் காலத்திலேயே கஞ்சா, எக்ஸ்டஸி எல்லாம் பழக்கம். போர் அவனை வெள்ளைக் காகிதமாக எடுத்துக்கொண்டு கறுப்பாக்கவில்லை. ஏற்கனவே கோடு விழுந்த காகிதம். 'என்னைக் கெடுத்தது அவர்கள்தான்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அமெரிக்காவே அழுதிருக்கும். அவர் எழுதவில்லை. சின்னச் சின்ன வாக்கியம், சுய இரக்கம் கிடையாது, கெட்ட வார்த்தை ஏராளம். அந்த நேர்மைக்காகவே படிக்கலாம்.

2021-ல் ருஸோ சகோதரர்கள் இதைப் படமாக எடுத்தார்கள். 'அவெஞ்சர்ஸ்' எடுத்தவர்கள். ஸ்பைடர்மேன் டாம் ஹாலண்ட் கதாநாயகன். உடம்பை வருத்தி நடித்திருக்கிறார். ஆனால் டைரக்டர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வங்கிகளின் பெயர்ப்பலகையில் கெட்ட வார்த்தை ஜோக். மாத்திரை எழுதித் தருகிற டாக்டரின் பெயர் 'டாக்டர் யாரோ ஒருத்தர்'. ராணுவ மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு காட்சி உண்டு. கேமராவைப் பையனின் பின்புறத்துக்குள்ளிருந்து வைத்திருக்கிறார்கள்! அந்த இடத்தில் அவன் வாயிலிருந்து என்ன பதில் வந்தது என்பதுதான் முக்கியம். இவர்கள் எதிர்த்திசையில் போய்விட்டார்கள்.

ஆக, இரண்டு தேசத்து சினிமாவும் ஒரே கதவை ஒரே மாதிரி தாண்டியிருக்கின்றன. ஒன்று பாட்டுப் போட்டு, ஒன்று ஜோக்கடித்து. அந்தக் கதவில் என் தங்கை மகன் பேனாவோடு நிற்கிறான்.

கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க ராணுவத்தில் சேருகிறவர்கள் மெப்ஸ் என்கிற பரிசோதனை நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் அந்த ஃபாரம். பொய் சொன்னால் 5 வருஷம் சிறை அல்லது 10,000 டாலர் அபராதம் அல்லது இரண்டும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. இருந்தும் பல வருஷங்களாக எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போடுவதுதான் வழக்கம் என்று அங்கே ஊருக்கே தெரியும். சரிபார்க்க வழியில்லை. 2022-ல் 'ஜெனிசிஸ்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு மெப்ஸுக்கு வந்தது. பையன் எந்த மருந்துக் கடையில் எந்த மாத்திரை வாங்கினான், எந்த டாக்டர் எழுதினார் என்று பழைய ஏடு விரிந்துவிடுகிறது. மறந்துபோன இன்ஹேலர், பத்தாம் வகுப்பில் சாப்பிட்ட கவனக் குறைவு மாத்திரை எல்லாம் எழுந்து வந்து சாட்சி சொல்கின்றன. விலக்குக் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷம் அமெரிக்கத் தரைப்படைக்கு 60,000 பேர் இலக்கில் 15,000 பேர் குறைந்தார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் இந்த ஏடும் சேர்ப்பு அலுவலர்களின் புலம்பலில் இடம்பெற்றது.

ராணுவம் கேட்பதில் தப்பே இல்லை. ஒருவன் கையில் துப்பாக்கி தருகிறார்கள். பக்கத்தில் இருப்பவன் உயிரைத் தருகிறார்கள். வாக்கர் மாதிரி மெடிக் ஆனால் வலி மருந்துப் பையையே தருகிறார்கள். ராத்திரித் தூக்கமில்லாமல், அடிபட்ட உடம்போடு, வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருப்பவனுக்குப் பழைய பழக்கம் கூப்பிடாது என்று யார் சொல்ல முடியும்? கேட்கத்தான் வேண்டும்.

கேட்கிறவரின் கை எவ்வளவு சுத்தம் என்பதுதான் விவகாரம்.

பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஹைன்ரிஹ் போல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய். போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெர்விட்டின் அனுப்பச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பெர்விட்டின் என்றால் மெத்தாம்ஃபெட்டமின். 1938-ல் மருந்துக் கடைக்கு வந்த மாத்திரை. 1940-ல் பிரான்ஸ் மேல் பாய்ந்த சமயத்தில் மூன்றரைக் கோடிக்கு மேல் ராணுவமே விநியோகித்தது. இதை நார்மன் ஓலர் 2015-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். கொஞ்சம் மிகைப்படுத்துகிறார் என்று சரித்திரக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மாத்திரைக் கணக்கை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

ஹிட்லர் ஆட்கள் அப்படித்தான் என்று தள்ளிவிட முடியாது. 2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் காந்தஹார் பக்கம் இரண்டு அமெரிக்க விமானிகள், பயிற்சியில் இருந்த கனடாக்காரர்களை எதிரி என்று நினைத்துக் குண்டு போட்டார்கள். 4 பேர் செத்தார்கள். விசாரணையில் விமானிகள் தரப்பு ஒரு விஷயத்தைக் கிளப்பியது: பறக்குமுன் தூக்கம் வராமலிருக்க டெக்ஸ்ட்ரோ ஆம்ஃபெட்டமின் கொடுத்திருந்தார்கள், விமானப்படையே. மாத்திரைதான் காரணம் என்பதை விசாரணை ஏற்கவில்லை. ஆனால் மாத்திரை கொடுத்ததை யாரும் மறுக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கவனம் சிதறும் பையன்களுக்குக் கொடுக்கிற ஆடரால் மாத்திரையில் இருப்பதும் இதே ஜாதிச் சரக்குதான். 2018-ல் வந்த விதிப்படி, சேருவதற்கு முந்தைய 24 மாதத்துக்குள் அதைச் சாப்பிட்டிருந்தால் தகுதிக் குறைவு. கதவுக்கு வெளியே விழுங்கினால் குறை, உள்ளே விழுங்கினால் கடமை.

வலி மாத்திரைக் கதை இன்னும் மோசம். 2009-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் எழுதிய வலி மருந்துச் சீட்டுகள் 38 லட்சம். 2001-ல் எழுதியதைப் போல நாலு மடங்கு. அதே காலத்தில், மருந்துகளைத் தவறாகச் சாப்பிடுவதாக ஒப்புக்கொண்ட சிப்பாய்கள் 2002-ல் 2 சதவீதம், 2008-ல் 11 சதவீதம். உள்ளே வந்தபோது 'இல்லை' என்று போட்டவர்கள் இவர்கள். அதில் எத்தனை பேர் உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பழக்கம் உள்ளே வந்த பிறகு வந்தது.

அப்படியானால் 'எப்போதாவது' என்ற கேள்வியால் எதைத்தான் வடிகட்டுகிறார்கள்?

இதற்கு ஒரு பதில் அவர்கள் தேசத்திலேயே ஐம்பது வருஷமாக இருக்கிறது. வியட்நாம் போரின்போது சிப்பாய்களிடையே ஹெராயின் மலிந்துவிட்டது. 1971-ல் நிக்ஸன் அரசு பயந்துபோய், ஊர் திரும்புகிறவர்களின் சிறுநீரைச் சோதித்த பிறகுதான் விமானத்தில் ஏற்றியது. 'ஆபரேஷன் கோல்டன் ஃப்ளோ' என்று கௌரவமாகப் பெயர். லீ ராபின்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் அவர்களைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார். அங்கே கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாக இருந்ததாகச் சொன்னார்கள். அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊர் வந்த முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம்தான். முதலில் யாரும் நம்பவில்லை. போதைக்காரன் என்றால் சாகும்வரை போதைக்காரன் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம்.

இடமும் மனிதர்களும் மாறினால் பழக்கமும் மாறலாம் என்பது அந்த ஆராய்ச்சியின் சாரம். இதை வைத்துக்கொண்டு எல்லோரும் சுலபமாக விட்டுவிடலாம் என்று சொல்லக் கூடாது. ஆனால் 'எப்போதாவது' என்பதை 'எப்போதும்' என்று படிப்பது தப்பு என்று நிச்சயம் சொல்லலாம். எவ்வளவு நாளாகத் தொடவில்லை, யார் உதவினார்கள், மறுபடி தடுக்கினால் யாரிடம் போவாய் என்று கேட்டால் உபயோகமான பதில் வரும். 'உண்டா, இல்லையா' என்று மட்டும் கேட்டு, 'உண்டு' என்றவனைக் காத்திருக்க வைத்து, 'இல்லை' என்றவனுக்குப் பூட்ஸ் கொடுத்தால், பொய் சொல்லத் தெரிந்தவர்களாகப் பார்த்துச் சேர்க்கிறோம் என்று அர்த்தம். அப்படி வந்தவன் நாளைக்கு உள்ளே சறுக்கினால் ராணுவ டாக்டரிடம் போகவே மாட்டான். போனால் முதல் பொய் வெளியே வரும். போதைக்கு ரகசியத்தைப் போல ஒத்தாசை வேறெதுவும் கிடையாது. ஜீன்ஸ் பாக்கெட்டில் ஆரம்பித்தது சீருடைப் பாக்கெட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

இத்தனையும் யோசித்த பிறகு நம் 'வாரணம் ஆயிர'த்தின் மேல் கோபம் கொஞ்சம் தணிந்தது. ஒரு விஷயத்தை கௌதம் மேனன் சரியாகப் பிடித்திருக்கிறார். அந்தப் பையன் மீள்வது ராணுவத்தில் இல்லை. வீட்டில். அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, அவமானம் முழுசும் அவர்கள் கண்ணெதிரில் நடந்து, அதற்கப்புறம்தான் வெளியே போகிறான். 'செர்ரி' பையனுக்கு வாய்க்காதது அதுதான். அவன் சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் உள்ளே போய், சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் வெளியே வருகிறான். கட்டிக்கொண்ட பெண்ணும் அவனோடு சேர்ந்து விழுகிறாள். போர் இல்லாமலிருந்தால் தப்பித்திருப்பானா? வாக்கர் பதில் சொல்லவில்லை. நமக்கும் தெரியாது.

மறுநாள் டல்லாஸுக்கு நானே பேசினேன். "எழுதச் சொல்லு" என்றேன். "கிடைக்காமல் போகலாம். போதைப் பிரச்னைன்னு டாக்டர் எழுதிவெச்சிருந்தா பொது விதிப்படி தகுதி இல்லைதான். விலக்கு கேக்கலாம். குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம். ஆனா 'இல்லை'ன்னு போட்டு உள்ள போனா, வாழ்க்கை முழுக்க அந்த ஏட்டுக்குப் பயந்துகிட்டு இருக்கணும்." இவ்வளவு பெரிய உபதேசத்தைச் சென்னையில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து சொல்வது சுலபம் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவன் நேத்தே எழுதிட்டான்ணா. எல்லாத்தையும். எந்த மாசம் ஆரம்பிச்சுது, யார்கிட்ட வாங்கினான், நடுவுல ஒருதடவை விழுந்தது எல்லாம். தனியா ரெண்டு பக்கம்."

"அப்புறம் என்ன?"

"அனுப்பறதுக்கு முன்னாடி அவங்கப்பாகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னான். அதுல பாதி எங்களுக்கே தெரியாது. அவர் படிச்சுட்டு எதுவும் சொல்லலை. ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்ததாம், அதைத் திருத்திக் குடுத்தாராம்."

பதில் இன்னும் வரவில்லை. பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள் கேட்டிருக்கிறார்களாம். அம்மாவும் பிள்ளையும் ஒரு ஃபைல் போட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.